பக்கத்துக் கூடாரமும் தூங்க வேண்டாமா?
வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கப் பூங்காக்களில் டிராவல் டிரெய்லரோடு (வண்டிக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் நடமாடும் வீடு) முகாமிடும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஜெனரேட்டர் சத்தம் பற்றியவை மட்டும் இந்த இதழில்.

கேள்வி: தள்ளுபடியில் ஒரு 4000 வாட் ஜெனரேட்டர் வாங்கினோம். இரும்புச் சட்டத்துக்குள் எஞ்சின் திறந்தபடி இருக்கும் வகை. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஓடவிட்ட பத்தாவது நிமிடம் ரேஞ்சர் வந்து நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்போது பட்டப்பகல். பெட்டியில் 74 டெசிபெல் என்று போட்டிருக்கிறது. அது அவ்வளவு பெரிய சத்தமா?
– சான் ஹோசே வாசகர்

பதில்: இங்கே நேரம், சத்தம் என்று இரண்டு விதிகள் இருக்கின்றன. யோசெமிட்டி முகாம்களில் ஜெனரேட்டருக்குக் காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரைதான் அனுமதி. மற்ற பூங்காக்களில் நேரம் வேறு. சில முகாம்களில் ஜெனரேட்டரே கூடாது. இடம் பதிவு செய்யும்போதே இதைப் பார்த்துவிடுங்கள்.

சத்தத்துக்கான விதி எல்லா தேசியப் பூங்காக்களுக்கும் பொது. 50 அடி தள்ளி நின்று அளந்தால், மனிதக் காதுக்கேற்பத் திருத்திய 'ஏ' அளவுகோலில் 60 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. பெட்டியில் அச்சிடுவதோ பெரும்பாலும் 23 அடியில், அதாவது 7 மீட்டரில் எடுத்த எண். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் குறையும். 23 அடியிலிருந்து 50 அடிக்குப் போனால் ஏறக்குறைய 7 குறையும். ஆக உங்கள் 74, 50 அடியில் 67 ஆகும். 10 டெசிபெல் கூடினால் காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதால், 7 என்பது சின்ன மீறல் இல்லை. பெட்டியில் 66க்கு மேல் போட்டிருக்கும் எதையும் தேசியப் பூங்காவுக்குக் கொண்டுபோகாதீர்கள். இன்னொரு சூட்சுமம்: பல நிறுவனங்கள் கால்வாசி லோடில் அளந்த எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் போடும். ஹோண்டாவின் EU2200i ஜெனரேட்டர் கால் லோடில் 48, முழு லோடில் 57. ஒரே இயந்திரத்துக்குள் 9 டெசிபெல் வித்தியாசம்.

திறந்த சட்ட வகை ஏன் இப்படிக் கத்துகிறது? அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்த 60ஐத் தருவதற்கு அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றியே ஆக வேண்டும். ஒரே ஒரு எல்.இ.டி. பல்பு எரிந்தாலும் 3600தான். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் கதை வேறு. முதலில் வரும் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, பிறகு மின்னணுச் சுற்று 60 ஹெர்ட்ஸாக வடிக்கிறது. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடினாலும் 60 கிடைக்கும் என்பதால், லோடு குறைந்தால் வேகமும் குறையும். கூடவே எஞ்சினைச் சுற்றி மூடிய உறையும் இருக்கும்.

அந்த 4000 வாட்டை விற்றுவிடுங்கள். அதை அமைதிப்படுத்தச் செலவழிக்கும் பணத்தில் நல்ல இன்வெர்ட்டர் ஒன்றுக்குப் பாதி விலை தேறும்.

கேள்வி: ஊரில் கல்யாண மண்டபத்துக்கு வரும் ஜெனரேட்டர் வண்டியைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பேசலாம், அவ்வளவு அமைதி. அதே மாதிரி ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டி, என் 2200 வாட் இன்வெர்ட்டரை வைத்து மூடினால் என்ன?
– ஆஸ்டின் வாசகர்

பதில்: மூடாதீர்கள். எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். அதிகம் ஆபத்தான யோசனையும் இதுதான்.

கணக்கைப் பாருங்கள். இந்த அளவு ஜெனரேட்டர் முழு லோடில் 0.95 காலன் டாங்கியை 3.2 மணி நேரத்தில் குடிக்கிறது. அந்தப் பெட்ரோலிலிருந்து வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 10 கிலோவாட். வெளியே மின்சாரமாகத் தொடர்ந்து வருவது 1.8 கிலோவாட் (2200 வாட் என்பது உச்ச அளவு). மீதி 8 கிலோவாட் வெப்பம். 1500 வாட் ரூம் ஹீட்டர் ஐந்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதற்குச் சமம். புகையோடு ஒரு பங்கு வெளியே போனாலும், மிச்சத்தை அகற்றுவது ஜெனரேட்டரின் சொந்த விசிறிதான். அதற்குக் குளிர்ந்த காற்று உள்ளே வர வேண்டும், சூடான காற்று திரும்பி வராமல் போக வேண்டும். பெட்டிக்குள் இரண்டும் நடக்காது. முதலில் எஞ்சின் தன் புகையையே இழுத்துத் திணறும். பிறகு இன்வெர்ட்டர் சூடேறித் தானே நிற்கும். நிற்காவிட்டால் பெட்ரோல் டாங்கி கொதித்து ஆவி கிளம்பும். முட்டை அட்டை போன்ற பாலியூரத்தேன் ஸ்பாஞ்ச் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மண்டப வண்டியில் இருப்பது டீசல் எஞ்சின். இந்தியாவில் 1000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டருக்கு உறையோடு சேர்த்து 1 மீட்டரில் 75 டெசிபெல் என்று விதியே உண்டு. அதற்காகவே காற்று நுழையவும் வெளியேறவும் வளைந்த தனித்தனி வழி, பெரிய ரேடியேட்டர் விசிறி, கூரைக்கு மேல் நீளும் சைலன்சர் எல்லாம் சேர்த்துத் தொழிற்சாலையில் வடிவமைத்த கூடு அது. ஒட்டுப்பலகைப் பெட்டிக்கும் அதற்கும் தோற்றத்தில் மட்டும்தான் ஒற்றுமை.

பெட்டிக்குப் பதில் தட்டி வையுங்கள். முக்கால் அங்குல ஒட்டுப்பலகை இரண்டு, ஒவ்வொன்றும் 3 அடி உயரம், 4 அடி நீளம். நடுவில் கீல் போட்டு 'எல்' வடிவத்தில் நிறுத்தலாம், மடித்து டிரெய்லருக்கு அடியில் செருகலாம். ஜெனரேட்டரை நோக்கிய பக்கத்தில் 2 அங்குல ராக்வூல், அதாவது கல் இழைப் பஞ்சு. அது எரியாது. ஜெனரேட்டருக்கும் தட்டிக்கும் இடையே 3 அடியாவது இருக்கட்டும். புகை வரும் பக்கமும் மேலேயும் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். பக்கத்து முகாமில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு ஜெனரேட்டர் தெரியாதபடி தட்டி மறைத்தால் 5 டெசிபெல் அளவுக்குக் குறையும். பலகைகளுக்கு இடையே இடுக்கு இருந்தால் அந்தப் பலனில் பாதி போய்விடும்.

தட்டிக்கும் ஒரு எல்லை உண்டு. ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 3600 சுற்றில் நொடிக்கு 30 முறை வெடிக்கிறது. 30 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 மீட்டருக்கு மேல். 3 அடிப் பலகையைப் பார்த்து அது நிற்காது, வளைந்து போய்விடும். தட்டி பிடித்து நிறுத்துவது கடகடப்பையும் விசிறி இரைச்சலையும்தான். அடிவயிற்றில் உணரும் 'டும் டும்' குறைய வேண்டுமானால் எஞ்சின் வேகத்தையோ லோடையோதான் குறைக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு தூரத்தில் வைப்பது? நீளமான ஒயர் போட்டால் ஏ.சி. திணறுகிறது.
– நியூ ஜெர்சி வாசகர்

பதில்: திணறுவது நீளத்தால் அல்ல, ஒயரின் மெலிவால்.

குறைந்தபட்சம் 20 அடி. அது சத்தத்துக்காகச் சொல்லும் அளவு இல்லை, கார்பன் மோனாக்சைடுக்காக. புகைவாய் உங்கள் டிரெய்லரையும் அடுத்தவர் கூடாரத்தையும் பார்க்கக் கூடாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மாலையில் ஒருமுறை மறுபடி பாருங்கள், திசை மாறியிருக்கும். டிரெய்லருக்குள் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்புறம் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். பலருடையது முடிந்துபோய்ச் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

20 அடி 40 ஆனால் 6 டெசிபெல் லாபம். இவ்வளவு மலிவான லாபம் வேறு எந்தக் கருவியிலும் இல்லை. ஆனால் உங்கள் இடத்தின் எல்லைக்குள்ளேயே வையுங்கள். உங்களிடமிருந்து தள்ளி வைக்கிறேன் என்று அடுத்தவர் மேசைக்கு அருகே கொண்டுபோய் வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி ஒயர். 13,500 பி.டி.யு. கூரை ஏ.சி. ஓடும்போது சுமார் 13 ஆம்ப் இழுக்கும். கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் 60 ஆம்ப் வரை போகும். கடையில் ஆரஞ்சு நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் 16 கேஜ் ஒயர் 50 அடி போட்டால், போக வர 100 அடி, மின்தடை 0.4 ஓம். ஓடும்போது 5 வோல்ட் இழப்பு. கிளம்பும்போது 24 வோல்ட்! 120ல் 24 போனால் கம்ப்ரஸர் எப்படிச் சுழலும்? முனகிவிட்டு நிற்கும். அதே 50 அடிக்கு இன்னும் தடித்த 10 கேஜ் போட்டால் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்) 0.1 ஓம். ஓடும்போது இழப்பு 1.3 வோல்ட், கிளம்பும்போது 6. எனவே 10 கேஜ், 30 ஆம்ப், டிரெய்லருக்கான டி.டி.-30 முனையுள்ள நீட்டிப்புக் கேபிள் வாங்குங்கள். ஜெனரேட்டர் பக்கத்துக்கு மட்டும் குட்டி அடாப்டர் போதும். கேபிளைச் சுருளாக விடாமல் முழுக்க விரித்துப் போடுங்கள். சுருளில் சூடேறும்.

ஒரு இடைச் செருகல். டிரெய்லரில் மின்பாதுகாப்புக் கருவி இருந்தால், இன்வெர்ட்டர் ஜெனரேட்டரோடு இணைத்ததும் 'ஓப்பன் கிரவுண்ட்' (தரை இணைப்பு இல்லை) என்று பிழை காட்டி மின்சாரத்தை விடாமல் நிற்கலாம். ஜெனரேட்டர் பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். இவ்வகை ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரலும் கிரவுண்டும் உள்ளே இணைக்கப்பட்டிருக்காது. 15 ஆம்ப் பிளக் ஒன்றுக்குள் அந்த இரண்டு திருகுகளை மட்டும் 12 கேஜ் ஒயரால் இணைத்து, ஜெனரேட்டரில் சும்மா இருக்கும் இன்னொரு சாக்கெட்டில் செருகினால் சரியாகும். ஆயத்தமாகவும் விற்கிறார்கள். அந்தப் பிளக்கில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். வீட்டுச் சாக்கெட்டில் அதை ஒருபோதும் செருகக் கூடாது.

கேள்வி: பிக்னிக் மேசை மேல், பிக்கப் டிரக்கின் பின்தட்டில், டிரெய்லருக்கு அடியில். ஜெனரேட்டரை எங்கே வைப்பது நல்லது?
– சியாட்டில் வாசகர்

பதில்: எதுவும் வேண்டாம். மேசையும் பின்தட்டும் வீணையின் குடம் போல அதிர்வை வாங்கிப் பெருக்கும். டிரெய்லருக்கு அடியில் வைத்தால் தரை ஓட்டை வழியாகப் புகை உள்ளே ஏறும். மண் தரையில், முக்கால் அங்குலக் கனமுள்ள ரப்பர் பாய் மேல் வையுங்கள். குதிரை லாயத்துக்கு விற்கும் பாயில் 2 அடி வெட்டிக்கொண்டால் போதும். காய்ந்த புல்லைக் காலால் ஒதுக்கிவிட்டு வையுங்கள்.

கேள்வி: ஜெனரேட்டரின் புகைக்குழாயில் கார் சைலன்சரை வெல்டிங் வைக்கலாம் என்கிறார் நண்பர். சத்தம் பாதியாகிவிடுமாம்.
– ஹூஸ்டன் வாசகர்

பதில்: ஆகாது. ஜெனரேட்டரின் சத்தம் ஓரிடத்திலிருந்து வருவதில்லை. புகைவாய், காற்று இழுக்கும் வாய், விசிறி, வால்வுகளின் கடகடப்பு என்று பல வாய்கள். புகைவாய்ச் சத்தமும் மற்றவை எல்லாம் சேர்ந்த சத்தமும் சமமாக இருந்தால், புகைவாயை அடியோடு ஊமையாக்கினாலும் குறைவது 3 டெசிபெல்தான். இன்வெர்ட்டர் வகையில் ஏற்கெனவே நல்ல சைலன்சர் இருப்பதால் அதைவிடவும் குறைவாகவே கிடைக்கும்.

திறந்த சட்ட வகைக்குச் செய்தே தீருவேன் என்றால், வெல்டிங் வேண்டாம். எஞ்சின் ரப்பர் தாங்கியில் ஆடிக்கொண்டிருக்கும். அதில் பத்து பவுண்டு சைலன்சரைத் தொங்கவிட்டால் சில நாளில் புகைவாய் போல்ட் முறியும், அல்லது சிலிண்டர் தலையில் விரிசல் விடும். நடுவே நெளியும் எஃகுக் குழாய் ஒன்று கொடுத்து, சைலன்சரைத் தரையில் தனிக் காலில் நிறுத்த வேண்டும். குழாய் பழைய வாயைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. குறுகினால் புகை எதிர்த்து எஞ்சின் சூடாகும், சக்தி இறங்கும். முக்கியமாக, தீப்பொறித் தடுப்பு வலை கழன்றுபோகக் கூடாது. வனத்துறை நிலங்களில் அது இல்லாமல் ஓட்டினால் அபராதம். காடு எரிந்தால் செலவும் உங்கள் தலையில்.

கேள்வி: 2200 வாட் இன்வெர்ட்டரில் ஏ.சி. போடும்போது எக்கோ பொத்தானை அணைக்க வேண்டியிருக்கிறது. அணைத்தால் கத்துகிறது. போதாக்குறைக்கு மலைக்குப் போனால் ஏ.சி.யே கிளம்புவதில்லை.
– டென்வர் வாசகர்

பதில்: எக்கோவில் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். கம்ப்ரஸர் திடீரென 60 ஆம்ப் கேட்டால் அது வேகமெடுக்கும் முன்பே ஓவர்லோடு விளக்கு எரிந்துவிடும். இதற்குத் தீர்வு சாஃப்ட் ஸ்டார்ட் என்னும் சிறு கருவி. கூரை ஏ.சி.யின் மூடிக்குள் கப்பாசிட்டருக்கு அருகே பொருத்துவது. தொடக்க மின்னோட்டத்தை அரைவாசிக்கும் கீழே கொண்டுவரும். பொருத்தும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, கப்பாசிட்டரின் மின்னேற்றத்தையும் இறக்க வேண்டும். துண்டித்த பிறகும் அது அடிக்கும். பொருத்திய பின் முதல் சில தொடக்கங்களில் வேறு எதையும் ஓடவிடாதீர்கள், கருவி உங்கள் கம்ப்ரஸரைக் கற்றுக்கொள்ளும் நேரம் அது. பிறகு பல டிரெய்லர்களில் எக்கோவிலேயே ஏ.சி. கிளம்பும்.

ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவ் கூடாது. தண்ணீர் ஹீட்டரை மின்சாரத்திலிருந்து காஸுக்கு மாற்றுங்கள், அதன் சூடேற்றும் கம்பி மட்டுமே 1400 வாட் தின்கிறது. ஃபிரிட்ஜையும் காஸுக்கு. ஃபிரிட்ஜை 'ஆட்டோ'வில் விட்டால் மின்சாரம் வந்ததும் தானாக அதற்கு மாறிக்கொள்ளும். ஜெனரேட்டர் ஏன் உறுமுகிறது என்று வெளியே தேடுபவர்கள் பலருக்கும் விடை டிரெய்லருக்குள்தான் இருக்கிறது.

மலை விஷயம்: ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் எஞ்சின் சக்தி சுமார் 3.5 சதவீதம் குறையும். 7000 அடியில் கால் பங்கு போய், 1800 வாட் 1360 ஆகிவிடும். ஏ.சி.க்கு 1500 வேண்டும். எதைப் பொருத்தினாலும் அந்தக் கணக்கு மாறாது. கார்புரேட்டரில் உயரத்துக்கான ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளைத் திருகு) போட்டால் புகை சீராகும், கரி படிவது குறையும், இழந்த சக்தி முழுதும் திரும்பாது. நல்லவேளை, 7000 அடியில் ஏ.சி. தேவைப்படும் நாளும் குறைவு.

கேள்வி: இரவு 10 மணிக்கு மேல் ஜெனரேட்டர் கூடாது. ஆனால் டிரெய்லரைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓட வேண்டுமே, குழந்தைகள் இருக்கிறார்கள்.
– சிகாகோ வாசகர்

பதில்: ஃபர்னஸ் காஸில் எரிகிறது. பாட்டரியிலிருந்து அதன் விசிறி இழுப்பது சுமார் 7 ஆம்ப். எட்டு மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 28 ஆம்ப்-மணி. விளக்கு, தண்ணீர் பம்ப், அலாரங்கள், ஃபிரிட்ஜின் கட்டுப்பாட்டுப் பலகை சேர்த்து 10 போடுங்கள். ஆக 40 அளவில். டிரெய்லரோடு வரும் சாதாரண 75 ஆம்ப்-மணி ஈய பாட்டரியில் பாதிதான் எடுக்கலாம், அதாவது 37. விடியும் முன்பே ஃபர்னஸ் நிற்பதன் காரணம் இதுதான்.

100 ஆம்ப்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி ஒன்று போட்டால் இரவு தாராளமாகக் கழியும். சத்தத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றால், சார்ஜ் ஏறும் நேரம். ஈய பாட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஜெனரேட்டர் சும்மா உறுமும். லித்தியம் கடைசி வரை வாங்கிக்கொள்ளும். பாட்டரியைச் சார்ஜ் செய்யும் 55 ஆம்ப் கன்வெர்ட்டரில் 40 ஆம்ப்-மணி ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிடும். ஆனால் கன்வெர்ட்டர் லித்தியத்துக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். 13.6 வோல்ட்டிலேயே நிற்கும் பழைய கன்வெர்ட்டர் முழுதாக நிரப்பாது. பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யவும் கூடாது. குளிர்கால முகாமென்றால் பாட்டரியை டிரெய்லருக்குள் வையுங்கள்.

ஈய பாட்டரியோடுதான் சமாளிக்க வேண்டுமென்றால், காலையில் அனுமதி நேரத்தில் 80 சதவீதம் வரை ஜெனரேட்டரில் ஏற்றிவிட்டு, மிச்சத்தை 200 வாட் சோலார் பலகையிடம் விடுங்கள். மெதுவாக நிரப்பும் வேலைக்கு வெயில்தான் பொருத்தம்.

கேள்வி: என் ஜெனரேட்டர் ஒரே சுருதியில் ஓடாமல் ஏறி இறங்கி ஊளையிடுகிறது.
– அட்லாண்டா வாசகர்

பதில்: சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். ஊளை அடங்கினால் கார்புரேட்டரின் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் பசையாகி அந்த மயிரிழைத் துளையை மூடும். கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, ஒற்றைச் செம்பு இழையால் துளையைத் திறக்கலாம். ஊசி போட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். முகாம் முடிந்ததும் பெட்ரோல் வால்வை மூடி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டால் இது திரும்ப வராது. 100 மணி நேரத்துக்கு ஒருமுறை தீப்பொறி வலையையும் கம்பித் தூரிகையால் தேயுங்கள்.

சீராக ஓடியும் கிடுகிடுவென்று நடுங்கினால், உறைத் திருகுகளையும் அடியிலுள்ள நான்கு ரப்பர் கால்களையும் பாருங்கள். ஒரு கால் தேய்ந்தாலே போதும்.

கேள்வி: பகலில் கேட்காத சத்தம் அந்திக்குப் பிறகு அதிகமாகக் கேட்பது மனப்பிரமையா?
– மின்னியாபொலிஸ் வாசகர்

பதில்: இல்லை. தரை குளிர்ந்து மேலே காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒலி மேலே தப்பாமல் தரையை நோக்கி வளையும். ஏரிக்கரையில் இது இன்னும் அதிகம். பகலில் சத்தத்தை மூடியிருந்த காற்றும் பேச்சும் அப்போது அடங்கியிருக்கும்.

கேள்வி: செல்போனில் டெசிபெல் அளப்பதை நம்பலாமா?
– டாலஸ் வாசகர்

பதில்: ஐஃபோன் என்றால் அமெரிக்க அரசின் தொழில்சார் ஆரோக்கிய நிறுவனமான நியாஷ் இலவசமாகத் தரும் சவுண்ட் லெவல் மீட்டர் செயலி நல்லது. 'ஏ' அளவுகோலில் வையுங்கள். 50 அடியில் நின்று ஜெனரேட்டர் ஓடும்போது ஒரு எண், அணைத்துவிட்டு ஒரு எண். இரண்டுக்கும் 10 டெசிபெல் வித்தியாசம் இல்லையென்றால் நீங்கள் காற்றையும் சேர்த்து அளந்துகொண்டிருக்கிறீர்கள், காற்று அடங்கிய பிறகு திரும்ப எடுங்கள். நான்கு பக்கமும் நடந்து அளப்பது நல்லது. பெரும்பாலும் புகைவாய்ப் பக்கம்தான் எண் அதிகமாக இருக்கும். அந்தப் பக்கம் காட்டைப் பார்த்து இருக்கட்டும்.